பதிவு வராத காலை

கதவைத் திறந்தால் நெட்டையாக ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். மாடியேறி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"இன்னைக்குப் பதிவு வரலை. அதான் ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன், அண்ணி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவரின் வலைப்பூவைப் படிக்கிறவர்கள் யாரும் இதுவரை வீடு தேடி வந்ததில்லை.

அங்கே தன் பெயர் 'ஓட்டை வண்டி' என்று அவர் சொன்ன பிறகுதான் கதவை முழுதாகத் திறந்தாள். தினமும் முதல் ஆளாக வந்து 'இன்னைக்கும் தொடலை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர். முகம்தான் புதிது.

உட்காரச் சொன்னாள். அவர் எதுவும் கேட்பதற்குள் முந்திக்கொண்டு, தன் கணவருக்குக் காய்ச்சல், உள்ளே தூங்குகிறார் என்றாள்.

வந்தவர் மூடியிருந்த அறைக்கதவைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார்.

அந்த அறையில் யாரும் இல்லை. அவள் கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. குடித்துக் குடித்து வீட்டையே குட்டிச்சுவராக்கியவர், ஒருநாள் நிறுத்தினார். நிறுத்திய கையோடு எழுதவும் தொடங்கினார். வலைப்பூவின் முகப்பில் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அவருடைய படம்.

உபதேசம் செய்யமாட்டார். லிஃப்ட் நடுவில் நின்றால் கதவை உடைக்காதே, மணியை அழுத்திவிட்டுச் சும்மா உட்கார், ஆள் வரும் என்று எழுதுவார். இனிமேல் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்கிறவனை நம்பாதே, இன்றைக்கு மட்டும் தொடமாட்டேன் என்கிறவனை நம்பு என்பார். கை நடுங்கிய நாளில் கை நடுங்குகிறது என்றே எழுதுவார்.

அதனால்தான் ஆட்கள் வந்தார்கள். வேலை போனவர், பிள்ளைகள் பேசாமல் விட்டவர், கணவனுக்குத் தெரியாமல் குடித்துவந்த ஒரு பெண்மணி. வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். விடிந்ததும் அவர் எழுதுவார். கீழே ஒவ்வொருவராக வந்து 'இன்னைக்கும் தொடலை' என்பார்கள்.

அவர் விழுந்தது இந்த வீட்டு மாடிப்படியில். ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்தபோது அந்தச் சாராய வாடை அவள் மூக்கில் அடித்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு. ஏன் என்று கேட்க அவர் கண் திறக்கவில்லை.

சொந்தக்காரர்களிடம் நெஞ்சுவலி என்றாள். வாசகர்களிடம் எதுவும் சொல்லவில்லை. குடை பிடித்தவனே நனைந்துவிட்டான் என்று தெரிந்தால், குடைக்குள் நிற்கிறவர்கள் என்ன ஆவார்கள்?

சொந்தபந்தமெல்லாம் கிளம்பிப் போன மறுநாள் காலை, 'வெளியூர் போயிருந்தேன். இன்றும் தொடவில்லை' என்று அவர் பெயரில் எழுதினாள். கூடவே வாழ்ந்தவளுக்கு அவர் பேச்சு வரிக்கு வரி வந்தது. அன்றிலிருந்து நேற்று வரை ஒரு காலைகூட விட்டதில்லை.

நேற்று, புதிதாக வந்த ஒருவர் கேட்டிருந்தார்: 'அண்ணா, நீங்கள் ஒருமுறைகூடத் தவறியதில்லையா?'

தவறியதில்லை என்று எழுத விரல் ஓடவில்லை. தவறினேன் என்று எழுத மனசு வரவில்லை. இன்று காலை கணினியைத் திறந்தாள், மூடினாள். மருந்துக்கடை வேலைக்கும் போகவில்லை.

வந்தவர் அவள் கொடுத்த தேநீரைக் குடித்து முடிக்கவே இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். ஆயிற்று என்றாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வலைப்பூவில் விலாசம் எங்கேயும் கிடையாது.

வீடு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் ஆம்புலன்ஸ் ஓட்டுறேன், அண்ணி. அன்னைக்குப் படியில இருந்து அண்ணனைத் தூக்கினதே நான்தான்."

அன்று அவள் கணவர் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஆனால் தூக்கியவருக்கு முகமும் தெரிந்திருக்கும், வாடையும் தெரிந்திருக்கும்.

மற்றவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

எல்லாருக்கும் தெரியும் என்றார் அவர். ஒளிக்கிற பழக்கம் அண்ணனுக்குக் கிடையாது, அதனால் தானும் ஒளிக்காமல் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். சிலர் கோபப்பட்டார்கள். இரண்டு பேர் அன்றைக்கே போய்க் குடித்தார்கள். மறுநாள் திரும்பி வந்தார்கள். அப்புறம் ஒரு காலை, 'வெளியூர் போயிருந்தேன்' என்று பதிவு வந்தது. யார் எழுதியது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நேற்று கேட்டவர் புது ஆள். அவரிடம் யாரும் சொல்லாமல் விட்டது தங்கள் பிழை என்றார்.

தெரிந்துமா தினமும் வந்து எழுதினீர்கள் என்றாள்.

"நாங்க எழுதினது உங்களுக்குத்தான், அண்ணி. காலையில நீங்க எந்திரிச்சாகணுமே."

பிறகு அவர் தயங்கித் தயங்கி, இன்னும் சிலர் வந்திருக்கிறார்கள், கீழேயே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார்.

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள்.

எதிர் நடைபாதையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒரு பெண்மணியும் இருந்தார். ஒருவரைக்கூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

எல்லாரும் அண்ணாந்து அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.