சாணைக்கல்லைக் காணோம்

"திருட்டுப் பயலே, கல்லை எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே?"

அண்ணனின் கையில் சவரக் கத்தி திறந்தபடி இருந்தது. அதற்கும், நாற்காலியில் முதலாளி மாதிரி சாய்ந்திருந்த தம்பியின் தொண்டைக்கும் நடுவில் ஒரு விரற்கடை தூரம். வேறு கடையாக இருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். சலூன் என்பதால், யாருக்கோ சவரம் நடக்கிறது என்று தெருவில் போனவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நான் எதுக்குத் திருடணும்? நேத்து கடையைப் பூட்டினது நீதானே?" தம்பி கண்ணாடியைப் பார்த்தபடியே கத்தினான். எந்தச் சண்டையிலும் தலைமுடி கலையக்கூடாது அவனுக்கு.

அலமாரியின் மேல்தட்டில், அப்பாவின் சாணைக்கல் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு கட்டம் மட்டும் இருந்தது. மலையிலிருந்து வெட்டியெடுத்த, உள்ளங்கை நீளக் கல். போன மாதம் கண்ணை மூடுவதற்கு முன், அப்பா மாமாவைக் கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார்: "என் கை விழுந்த இந்த ரெண்டு வருஷமா எந்தக் கை கத்தி தீட்டுச்சோ, கடை அந்தக் கைக்கு."

அதற்கான பஞ்சாயத்துதான் இன்றைக்கு. அம்மாவின் தம்பியான மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் நாற்பது வருடம் கத்தி பிடித்தவர்.

"பொறாமை மாமா இவனுக்கு. ரெண்டு வருஷமா விடியக்காலையில ஒத்தை ஆளா உட்கார்ந்து தீட்டினவன் நான். கடை எனக்கு வந்துடும்னு கல்லையே கடத்திட்டான்."

"அடப்பாவி, தீட்டினது நான். நீ பத்து மணிக்குக் கொட்டாவி விட்டுக்கிட்டு வர்ற ஆளு."

அண்ணனுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பிறத்தியார் பொய் சொன்னால் அவனுக்கு ஆகவே ஆகாது.

பின்னறையிலிருந்து சரக் சரக்கென்று தேய்க்கிற சத்தம் வேறு. இருவருக்கும் நடுவில் பிறந்தவள் அங்கே இருந்தாள். புருஷனோடு ஒத்துப்போகாமல் நாலு வருடத்துக்கு முன் வந்து, அப்பாவோடு அந்த அறையிலேயே தங்கிவிட்டவள். அவள் எதையாவது தேய்க்காமல் இருந்த நாளை அண்ணன் பார்த்ததில்லை.

அவள் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். "அண்ணா, அந்தக் கல்லு…"

"ஆம்பளைங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை? உள்ளே போ."

"போக்கா, நீ வேற," என்றான் தம்பி. அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவள் போனாள். சத்தம் முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

"கடை எனக்கு வந்ததும் அவளை நீ கூட்டிக்கிட்டுப் போயிடு." அண்ணன் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "என் வீட்டுல இடம் கிடையாது."

"என் வீடு என்ன சத்திரமா? கடை யாருக்கோ அவளும் அவங்களுக்குத்தான். கடை எனக்கு, அவ உனக்குன்னு பிரிச்சா வேணும்னா ஒத்துக்கிறேன்."

சத்தம் நின்றது. மாமா தொண்டையைச் செருமினார்.

"கல்லு கிடக்கட்டும்பா. அது என்ன நிறம்?"

"சாம்பல்," என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

"அது காய்ஞ்ச நிறம். அலமாரி துடைக்கிறவனுக்குக்கூடத் தெரியும். தண்ணி ஊத்தித் தேய்க்கிறப்ப?"

அண்ணனின் கண் அலமாரியின் காலிக் கட்டத்துக்குப் போனது. இரண்டு வருடமாகக் காலையில் வந்தால் கத்திகள் தயாராக இருக்கும்; தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. தம்பிதான் தீட்டுகிறான், கேட்டால் பாதி வேலை நம் தலையில் விழும் என்று நினைத்து அவன் இத்தனை நாளும் கமுக்கமாக இருந்துவிட்டான். இப்போது தம்பியின் முகத்தைப் பார்த்தான். அங்கேயும் அதே கமுக்கம்தான் வியர்த்து வழிந்தது.

"கறுப்பு," என்றான் அண்ணன், குத்துமதிப்பாக.

"கறுப்பேதான் மாமா," என்றான் தம்பி, பரீட்சையில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிறவன் போல.

"பச்சை."

தங்கை நிலைப்படியில் நின்றிருந்தாள். கையில் கல் சொட்டிக்கொண்டிருந்தது. பாசி பிடித்த சுவர் போலப் பச்சை. நடுவில் மயிரிழையாக ஒரு சிவப்புக் கோடு.

"தீட்டித் தீட்டி நடுவுல பள்ளம் விழுந்துடுச்சு மாமா. காலையிலேர்ந்து இன்னொரு கல்லுல தேய்ச்சு மட்டம் பண்ணிட்டிருக்கேன். அதைத்தான் சொல்ல வந்தேன்."

மாமா கல்லின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் கையை நீட்டினார். "சாவி."

அது அண்ணனின் சட்டைப் பையிலிருந்து அவள் ஈரக் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவனுக்கு வந்ததே கோபம்.

"ரெண்டு வருஷமா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன உனக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாவது கேட்டீங்களா?"

மாமா பெஞ்சிலிருந்து எழுந்து துண்டை உதறினார். "இவனுங்களை என்னம்மா பண்ணலாம்?"

அவள் பார்த்த பார்வையில் கையிலிருந்த ஈரக் கல்லே காய்ந்திருக்கும். அண்ணனின் கையிலிருந்த கத்தியை வாங்கி, மடக்கினாள்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் ஏழு மணிக்கு வேலைக்கு வந்துடணும்."