வெளங்கலீங்க

பனியன் கம்பெனியில் இருபது வருஷம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிய தெய்வாத்தாள், நாற்பத்து மூன்று வயதில் பி.காம். சேர்ந்திருந்தாள். புள்ளியியல் வகுப்பில் பலகை நிரம்பியது. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கம்பெனியில் புரியவில்லை என்று சொன்னால் சூப்பர்வைசர் வாசலைக் காட்டுவார். எல்லாவற்றுக்கும் தலையாட்டியே பிழைத்தவள், இன்று கையைத் தூக்கினாள். அது தோள் உயரம்தான் எழுந்தது.

"சார், எனக்கு வெளங்கலீங்க. இன்னொருக்கா சொல்றீங்களா?"

முன் பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர் பலகையை அழித்துவிட்டு, "மொதல்ல இருந்தே பாக்கலாங்கம்மா" என்று ஆரம்பித்தார்.

"நல்லவேளை கேட்டீங்கக்கா" என்று பக்கத்துப் பெண் கிசுகிசுத்தாள்.

தெய்வாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். பாதி புரிந்தது.

"இப்ப வெளங்குச்சுங்களா?"

வகுப்பே தலையாட்டியது. அவள் மட்டும் மறுபடி கையைத் தூக்கினாள். இந்தத் தடவை அது தலைக்கு மேலே உயர்ந்தது.