நாஷ்டா ஆச்சா?

அமைச்சர் வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்னைத்தான் விசாரித்தார்.

"இன்னா கனகா, நல்லா கீறியா?"

கலெக்டர் முதல் கட்சிக்காரர்கள் வரை எல்லோரும் திரும்பி இந்த நர்ஸைப் பார்த்தார்கள். எங்கள் தலைமை டாக்டர் மைத்ரேயி வாயைப் பிளந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, பொய் சொல்வானேன். காலையிலிருந்து அவர் மேல் இருந்த ஆத்திரம்கூடப் பாதி இறங்கிவிட்டது.

ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? புதுக் கட்டடத்தைத் திறக்க அவர் வருகிறார் என்று விடியும்போதே வார்டைக் காலி செய்துவிட்டார்கள். சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் தூசி தின்று, நெஞ்சு கட்டிப்போய்ப் படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆட்டோவில் ஏற்றப்பட்டார்கள். நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க. காமிரா முன்னால் யாராவது இருமித் தொலைத்தால்?

காலிக் கட்டிலையும் காட்ட முடியாதே. அதனால் இருமாத ஆட்களாகப் பார்த்துப் படுக்க வைத்தார்கள். வாட்ச்மேன், சமையற்கட்டு ஆட்கள், ஆம்புலன்ஸ் டிரைவரின் மச்சான். ஜன்னலோரக் கட்டிலுக்கு மட்டும் ஆள் இல்லை. டாக்டரம்மா என் மகன் அருண்பாண்டியனைக் கேட்டார்.

அதே கம்பெனியில்தான் அவனுக்கும் வேலை. மத்தியான ஷிப்ட். ஆனால் அவன் ஒரு தும்மல் தும்மி நான் பார்த்ததில்லை. பழவேற்காட்டு ஏரியில் வலை இழுத்த வம்சம், உடம்பு கட்டையாட்டம் இருக்கும். கூப்பிட்டு வந்து படுக்க வைத்தேன், பெருமையாக.

அமைச்சர் மணவாளன் நேராக அவன் கட்டிலுக்குத்தான் வந்தார். கம்பெனியில் வேலை செய்யற பையன் சார் என்று டாக்டரம்மா சொன்னார். யார் பையன் என்று சொல்லவில்லை.

பி.ஏ. பைக்குள்ளிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து நீட்டினார். அமைச்சர் எங்கே போனாலும் அது கூடவே போகும். டி.வி.க்காரர்களுக்கு அந்தப் படம் கட்டாயம் வேண்டும்.

அந்த ஸ்டெதாஸ்கோப்பை எனக்குத் தெரியும். ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் அவர் கிளினிக் வைத்திருந்தபோது நான்தான் அங்கே நர்ஸ். இந்தத் தூசி ஆளைக் கொல்கிறது என்று இந்த ஊரில் முதலில் வாய் திறந்தவர் அவர்தான். எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பெனி கேட்டில் உட்கார்ந்தார். அந்தப் படங்கள்தான் அவரை எம்.எல்.ஏ. ஆக்கின. அப்புறம் மந்திரி. நாங்களெல்லாம் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டோம்.

இன்றைக்காவது மேடையில் அதைச் சொல்லிவிடுவார், என் பிள்ளை மாதிரி உள்ளவர்களுக்கு ஒரு வழி பிறக்கும் என்று நம்பிக்கொண்டுதான் நின்றேன்.

அருண் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். படத்துக்காக வைக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

மூச்சை இழுக்கச் சொன்னார். கொஞ்சம் கீழே நகர்த்தினார். மறுபடி இழுக்கச் சொன்னார். திரும்பவும் அதே இடத்துக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு அவன் தோளில் தட்டினார்.

"நாஷ்டா ஆச்சாப்பா?"

"ஆச்சு சார். நாலு இட்லி."

வார்டே சிரித்தது. காமிராக்கள் பளிச்சென்றன. எவ்வளவு எளிமையான மனுஷன் என்று யாரோ உருகினார்கள்.

அமைச்சர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.



கிளினிக்கில் அவர் எல்லோரையும் அதைக் கேட்க மாட்டார். நெஞ்சு கெட்டுப்போன ஆளை மட்டும்தான் கேட்பார். விஷயத்தைப் பட்டென்று சொன்னால் அந்த ஆள் பயந்துபோய் ஷிப்டுக்கு ஓடிவிடுவான், திரும்பி வரவே மாட்டான். அதனால் டாக்டர் நாஷ்டாவை விசாரித்தால், வாசலில் கிடக்கும் அந்த ஆளின் செருப்பை எடுத்து நான் உள்ளே ஒளித்துவிட வேண்டும். எக்ஸ்ரே எடுக்காமல் அவனை விடக் கூடாது. எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் இருந்த ஏற்பாடு அது.

ஐயோ, என் பிள்ளைக்கா?

சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வதற்குத்தானே மந்திரியானார்? பி.ஏ. ஊற்றிய சானிட்டைசரில் கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

ஒலிபெருக்கியை ஜன்னலுக்கு வெளியேதான் கட்டியிருந்தார்கள்.

"நானும் டாக்டர்தான். கம்பெனியில வேலை செய்யற ஒரு தம்பியோட நெஞ்சை இப்பத்தான் என் காதால கேட்டுட்டு வர்றேன். தூசியால வியாதின்னு கிளப்பிவிடறாங்களே, அத்தனையும் பொய்ப் பிரசாரம். நெஞ்சு சுத்தமா இருக்குது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அருணும் கட்டிலில் உட்கார்ந்து தட்டினான். அவன் நெஞ்சைத்தானே புகழ்கிறார்கள்.

பாவி மனுஷா. எனக்கு ஒன்று, ஊருக்கு ஒன்றா?

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அருண் சட்டையை மாட்டிக்கொண்டு வார்டு வாசலுக்கு ஓடினான். அங்கே குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினான்.

"ம்மா, ஷிப்டுக்கு டைமாச்சும்மா. என் செருப்பு எங்க கீது?"

 முதுகுக்குப் பின்னால் அதை இறுக்கிப் பிடித்திருந்தேன்.