கட்டிலில் தொங்கிய மூன்று எழுத்து

"மூணே எழுத்து. அதைக் கட்டில்ல மாட்டிட்டா, பெத்த அம்மா கெஞ்சினாலும் உனக்கு ஒரு சொட்டுத் தண்ணி கிடைக்காது. அது என்ன, சொல்லு பார்ப்போம்?"

விடுகதை போட்டபடியே நர்ஸ் ஹேமலதா ஒரு அட்டையைக் கட்டிலின் தலைமாட்டில் மாட்டினாள்.

அபிநயா திரும்பிப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். "என்... பி... ஓ. இது என்ன இங்கிலீஷ், சிஸ்டர்?"

நாலாம் வகுப்புப் பிள்ளை. தொண்டையில் டான்சில். பதினோரு மணிக்கு ஆபரேஷன்.

"இங்கிலீஷ் இல்ல, லத்தீன். நில் பெர் ஓஸ். வாய் வழியா எதுவும் கூடாதுன்னு அர்த்தம்."

"லத்தீன்னா?"

"ரோமாபுரியில பேசின பாஷை. இப்ப அதை யாரும் வீட்டுல பேசறதில்ல. ஆனா நீயே தினமும் எழுதற. மணிக்குப் பக்கத்துல ஏ.எம்., பி.எம். போடறல்ல? கட்டுரையில வேற ஒண்ணும் தோணலன்னா எட்செட்ரா போட்டு முடிக்கறல்ல? எல்லாம் லத்தீன்தான்."

அபிநயா சிரித்தாள். கட்டிலோரம் நின்ற அத்தை கலியம்மாள் சிரிக்கவில்லை.

"யாருமே பேசாத பாஷைக்குப் பயந்துக்கிட்டு, பேசற புள்ளையப் பட்டினி போடுறீங்களாக்கும்?"

"அவ நல்லதுக்குத்தாம்மா."

"ராத்திரியிலேருந்து பச்சைத்தண்ணி இல்ல. உதடு காஞ்சு கெடக்கு. உங்க வூட்டுப் புள்ளைன்னா இப்புடிச் செய்வீங்களா?"

ஹேமலதா மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"கல்லு மனசுக்காரி!" என்றாள் கலியம்மாள், அறை முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையாட்டினார்கள். "வெள்ளை உடுப்பு போட்டாலே இப்படித்தாங்க. ஈவு இரக்கம் கிடையாது."

அபிநயாவின் அம்மா ஜோதி எழுந்தாள். "அண்ணி, புள்ளையப் பாத்துக்குங்க. கீழ கையெழுத்துப் போடக் கூப்பிடுறாங்க."

அவள் தலை மறைந்ததும், கலியம்மாள் பைக்குள்ளிருந்து சின்னத் தூக்கு ஒன்றை எடுத்தாள். விடியற்காலையில் கீழப்பழுவூர் கோயிலில் அபிநயா பெயருக்குப் பாலாபிஷேகம் செய்துவிட்டு, நேரே பஸ் ஏறி அரியலூர் வந்திருந்தாள்.

"குடி, தாயி."

"சிஸ்டர் திட்டுவாங்க அத்தை."

"அட, இது சாப்பாடாடி? சாமி மேல ஊத்துன பாலு. பிரசாதத்தைக் குடிக்காதேன்னு எந்தப் பாஷையில எழுதியிருக்கு? நீ தனியா உள்ள போவக் கூடாது. சாமியும் கூட வரட்டும்."

பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, டம்ளரில் ஊற்றிக் கலியம்மாளே புகட்டினாள். முழு டம்ளர். முந்தானையால் உதட்டைத் துடைத்தும் விட்டாள்.

சற்று நேரத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஜோதி ஒரு பக்கம், கலியம்மாள் ஒரு பக்கம் நடந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் அன்பழகன் நின்றிருந்தார்.

"காலையில ஏதாவது சாப்பிட்டாளா?"

"இல்லைங்க சார்," என்றாள் ஜோதி.

"தண்ணி? பால்? டீ?"

"ஒண்ணுமே தரல. நான் கீழ போனப்பகூட அண்ணி பக்கத்துலயே இருந்தாங்க."

டாக்டர் கலியம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. வயித்துல ஏதாவது இருந்தா, மயக்கத்துல அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். உசுருக்கே ஆபத்து. குடுத்திருந்தா சொல்லிடுங்க. ஆபரேஷனைத் தள்ளி வெச்சுக்கலாம், ஒண்ணும் கெட்டுப் போயிடாது."

கலியம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

எதிரே ஹேமலதா. பக்கத்தில் தம்பி பெண்டாட்டி. பின்னால், காலையிலிருந்து அவள் பேச்சுக்கெல்லாம் தலையாட்டிய கூட்டம்.

"நான் தூக்கி வளத்த புள்ள சார்," என்றாள். "நான்... நான் குடுப்பேனா?"

"குடுக்கலையே?"

"இல்லைங்க."

"சரி, உள்ள கொண்டு போங்க."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கலியம்மாளின் கை மட்டும் அபிநயாவின் கையை விடவில்லை.

"விடுங்கம்மா," என்றாள் ஹேமலதா.

கை விடவில்லை.

"அண்ணி, நேரமாவுது. விடுங்க," என்றாள் ஜோதி.

ஹேமலதா கலியம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். கதவு திறந்தது. உள்ளே பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அபிநயா அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், நில்லுங்க."

ஹேமலதா குனிந்தாள். "என்னடா கண்ணு?"

"தூக்குல கோயில் பாலு இருந்துச்சு. அத்தை அந்தப் பக்கம் திரும்பினப்ப, அவங்களுக்குத் தெரியாம நானே எடுத்துக் குடிச்சிட்டேன்," என்றாள் அபிநயா.