யாருமில்லாத இடம்

பெங்களூரில் வேலை பார்க்கும் அந்தோணி பிரகாஷ், கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, லீவு நாளில் மனைவி பிளசியைத் தருமபுரி டவுனுக்கு அழைத்து வந்தான். சொந்த ஊரான பாப்பாரப்பட்டியில் பைக் ஏறியதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை.

"எங்கயாச்சும் அமைதியா உக்காரலாம் பிளசி," என்றான்.

பூங்காவில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஐஸ்கிரீம் கடையில் பாட்டு அலறியது. சர்ச்சில் கல்யாணக் கூட்டம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும், "இங்க வேண்டாம்" என்று வண்டியைக் கிளப்பினான்.

"என்கூடத் தனியா இருக்க அவ்ளோ ஆசைங்களா?" என்று பிளசி சிரித்தாள்.

அவன் வண்டியை ஏரிப்பக்கம் திருப்பினான்.

கடைசியில் ஏரிக்கரையில் ஆளரவமே இல்லாத ஒரு புளியமரத்தடி கிடைத்தது. பிளசி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இப்பதாங்க நிம்மதியா இருக்கு."

"பெங்களூர்ல எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கு பிளசி. பையனுக்கு மூணு வயசாவுது. இனிமே நான் நம்ம வூட்டுக்கு வரமாட்டேன்."

அவள் விலகி உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். சத்தம் வெளியே வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சத்தம் போட்டே அழுவலாம்," என்றான் அவன், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு. "அதுக்குத்தான் காலைல இருந்து எடம் தேடுனேன்."