மூன்றாவது வரி

"கட்! கட்!"

டைரக்டர் கெஸ்லர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"எட்டாவது தடவை, வெர்னா! நாலு வரிப் பாட்டும்மா. என் வீட்டுக் கிளிகூட இந்நேரம் பாடி முடிச்சிருக்கும்!"

"மன்னிச்சிடுங்க சார். மூணாவது வரி நாக்குல நிக்கவே மாட்டேங்குது."

1944. ஹாலிவுட்டில், போர்முனைக்குப் போய் ஆடிப் பாடும் பெண்களைப் பற்றிய படம். மேடைக்கு எதிரே ரசிகர்களாக நாற்பது நிஜ சிப்பாய்கள். காட்சி முடிந்ததும் லாரி ஏறித் துறைமுகம் போகவேண்டும், சாயங்காலம் கப்பல். கூட வந்த லெப்டினன்ட் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார்.

ஒன்பது. பத்து. ஒவ்வொரு தடவையும் வெர்னா அதே வரியில் சறுக்கினாள்.

பின்வரிசையில் ஆடிய ஹேசலுக்குக் கால் வீங்கிவிட்டது. பன்னிரண்டாவது தடவை பொங்கிவிட்டாள்.

"ஏன்டி, காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்தியா? சண்டைக்குப் போற பசங்களை இந்த விளக்குச் சூட்டுல வேக வைக்கிறியே, மனசாட்சி இல்லை உனக்கு?"

வெர்னா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட் காவலாளி வேகமாக உள்ளே வந்தார்.

"ஆரின் டட்டில் யாருப்பா? ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்து நிக்குது. கான்சாஸ் ரயில் நாலு மணி நேரம் லேட்டாம்!"

முன்வரிசையில் ஒரு சிப்பாய் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"சார், லிப்ஸ்டிக் கலைஞ்சிருச்சு. பதினைஞ்சு நிமிஷம் வேணும்" என்றாள் வெர்னா.

"எப்படியோ தொலை!" என்றார் கெஸ்லர்.

ஆரின் வாசலுக்கு ஓடினான். ஹேசல் எட்டிப் பார்த்தாள். ஐந்து மாதக் குழந்தை அப்பனின் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவன் சிரித்துக்கொண்டே அழுதான்.

"காலையில காபி குடிக்கிறப்ப சொன்னான்" என்றாள் வெர்னா தாழ்ந்த குரலில். "பொறந்ததுலேருந்து மகளைப் பார்த்ததே இல்லையாம். பொண்டாட்டி இன்னிக்கு ரயில்ல தூக்கிட்டு வர்றாளாம். பாட்டு முடிஞ்சா லாரி கிளம்பிடும். வேற என்னடி பண்றது?"

ஹேசல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்டபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே."

பதிமூன்றாவது டேக்கில் வெர்னா ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

லாரி ஏறுமுன் ஆரின் அவளிடம் ஓடி வந்தான். "மேடம்... அந்த மூணாவது வரி... திரும்பி வந்ததும் என் மகளுக்கு அதைத்தான் முதல்ல சொல்லிக்கொடுப்பேன்."

லாரி மறைந்ததும் வெர்னா கெஸ்லர்முன் போய் நின்றாள்.

"சார், வேணும்னேதான் தப்பாப் பாடினேன். யுத்த காலத்துல ஃபிலிம் கிடைக்கிறதே கஷ்டம். அத்தனையும் வீணாக்கிட்டேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி."

கெஸ்லர் தொப்பியைத் தட்டித் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

கேமராமேன் மார்ட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எந்த ஃபிலிம்மா? காலையில நீங்க காபி குடிச்சுக்கிட்டுப் பேசினது அவர் காதுலயும் விழுந்திருக்கு. அஞ்சாவது டேக்கிலேயே மனுஷன் என் காதுல சொல்லிட்டார், 'அந்தக் குழந்தை வர்ற வரைக்கும் நான் கத்திக்கிட்டே இருப்பேன், நீ கேமராவை மட்டும் ஓட்டாதே'ன்னு!"