சுவருக்கு அந்தப் பக்கம்

தொம்! தொம்!

சுவர் அதிர்ந்ததில் அலமாரியிலிருந்த பவுடர் டப்பா உருண்டு விழுந்தது.

“குக்கரை எறக்கித் தொலைங்க! மனுசன் தூங்கறதா வேணாமா?”

பக்கத்து வீட்டு முனீஸ்வரன்தான். சாந்தம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

“இந்த ஆளுக்கு வேற வேலையே இல்லியாம்மா?” சீறினாள் மகள் பிரவீனா.

“மெல்லப் பேசுடி. நைட் ஷிஃப்ட்டு. ராத்திரியெல்லாம் இரும்பு உருக்கற எடத்துல நின்னுட்டு வர்றாரு.”

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய வரிசை வீடுகள். இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு மெல்லிய சுவர். முனீஸ்வரன் காலையில் வந்து, பையனைப் பள்ளியில் விட்டு, தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டு, மதியத்துக்கு மேல்தான் கண்ணை மூடுவார். அவருக்கு நடுத்தூக்கம் பிடிக்கிற நேரத்தில்தான் பிரவீனா பள்ளி விட்டு வருவாள்.

அவளுக்கோ வாய்விட்டுப் படித்தால்தான் எழுத்து வரும். ஒரு வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். காதுக்குப் பிடித்தால் அடுத்த வரி; இல்லையென்றால் அடித்துவிட்டு மறுபடியும். கதையின் கடைசி வரியை மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள். அதை உரக்கச் சொன்னால் கதை கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

பிறகு, பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில், ஒரு கதையைப் பாதி படித்துக்கொண்டிருந்தபோது சுவரில் அந்த இடி விழுந்தது. தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாகத் திட்டும் விழுந்தது. பிரவீனா பேனாவை மூடிவைத்தாள். இனி எங்கே எழுதுவது என்று அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளையாக அடுத்த வாரமே முனீஸ்வரனின் மனைவி சுமலதா வந்து வயிற்றில் பாலை வார்த்தாள்.

“அவருக்கு இனிமே பகல் ஷிஃப்ட்டு. சாயங்காலம் வூட்ல தூங்க ஆளே இல்ல. நீ தாராளமா சத்தம் போட்டுப் படி.”

அப்புறம் என்ன, எழுதித் தள்ளினாள். கதை, கவிதை, பட்டிமன்றப் பேச்சு என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் வாராவாரம் அவள் பெயர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தது ‘பகலில் தூங்கும் அரக்கன்’ கதைக்குத்தான். ஊரில் யார் சிரித்தாலும் அரக்கன் குகைச் சுவரை இடிப்பான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஜனம், அவன் தூங்கும்போது குகை வாசலைப் பாறையால் அடைத்துவிடும்; அதுதான் கடைசி வரி. அரக்கன் யார் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அரையாண்டு முடிந்ததும் தமிழாசிரியர் ரத்தினவேல் கூப்பிட்டார்.

“ஆண்டு மலர்ல உன் அரக்கன் வரான். இந்த அரையாண்டுல எப்படி இவ்வளவு எழுதினன்னு திரும்பிப் பார்த்து ஒரு பக்கம் எழுது. ரெண்டையும் நாளைக்குக் குடுத்துடு, அச்சுக்குப் போகுது.”

அன்று சாயங்காலமே எழுதி, வழக்கம்போல் படித்துப் பார்த்தாள்.

“இத்தனை எழுத முடிந்ததற்கு என் உழைப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், அரக்கன் பகல் ஷிஃப்ட்டுக்குப் போனது. ஆம், நிஜ அரக்கன்! எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்…”

அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை. இன்னொரு தரம் படித்தாள், இன்னும் சத்தமாக.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் முனீஸ்வரன். கலைந்த தலை, சிவந்த கண், கன்னத்தில் நாடாக் கட்டிலின் வரி.

“மா… மாமா, வேலைக்குப் போகலியா?”

“ராத்திரிதானே கம்பெனி பஸ்ஸு வரும்.”

“பகல் ஷிஃப்ட்டுன்னு அக்கா சொன்னாங்களே!”

பின்னாலேயே ஓடிவந்த சுமலதா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இவருக்கு எவன் பகல் ஷிஃப்ட்டு குடுத்தான்? அன்னிக்குச் செவுத்தை இடிச்சதும் நீ பாதிக் கதையில நிறுத்திட்டே. மீதி என்னாச்சோன்னு இவருக்குத் தூக்கமே போச்சு. ‘புள்ள பயப்படாம படிக்கட்டும், நான் பகல் ஷிஃப்ட்டுன்னு சொல்லிடு’ன்னாரு. அன்னியிலேருந்து குக்கர் சத்தத்தைக்கூடப் பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கறாரு, ராத்திரி நீங்க கதவைச் சாத்தினப்புறம்தான் பஸ்ஸுக்குக் கெளம்பறாரு.”

அப்படியென்றால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அரக்கனையும் குகையையும், இப்போது படித்ததையும்கூட. பிரவீனா கையிலிருந்த தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“மாமா, உங்க தூக்கம்…”

“குக்கர் சத்தத்துக்கு முழிச்சா கோவம் வருது. கதைக்கு முழிச்சா வரல. என்னா பண்றது?” அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். “அந்த அரக்கன் செவுத்தை இடிக்கறது அப்படியே நாந்தான் போ! சிரிப்பு வெளிய கேட்டுடப் போவுதுன்னு வாயில துண்டை வெச்சு அமுக்கிக்கிட்டேன்.”

அவர் ஓரடி கிட்டே வந்தார்.

“ஆனா பாப்பா, கடைசி வரிய மட்டும் நீ எப்பவும் முழுங்கிடறே. கட்டிலைச் செவுரோரமா இழுத்துப் போட்டும் காதுல விழல. ஊர் ஜனம் பாறையைத் தூக்கிக்கிட்டுக் குகைக்குப் போச்சு, சரி. உள்ள தூங்கிட்டிருந்தானே, அவன் என்னா ஆனான்? அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

பிரவீனா முதுகுக்குப் பின்னால் அந்தத் தாளைக் கசக்கினாள். பிறகு கதையின் கடைசி வரியை மாற்றி, முதல் தடவையாக அதை உரக்கச் சொன்னாள்.

“அவன் தூங்கவே இல்ல மாமா. கேட்டுக்கிட்டுதான் இருந்தான்.”